திரு. ஹின்டர்ஹோஃப் சுகமா?

செத்து நூறு வருடமாவது ஆகியிருக்கும் ஒரு பாண்காரனை, பேக்கரியில் பாண் சுட்ட ஒருவனைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. வேறு யாராவது இப்படிச் சொன்னால் நானே சிரிப்பேன். ஆனால் அந்தப் பாண்காரனின் வழியில் வந்தவள் பதினொரு வருடமாக எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்கிறவள். அவனைத் தேடிக்கொண்டு சனிக்கிழமைகளில் அவளோடு அலைந்ததோ என்னுடைய மகள்.

சிட்னியில், லிட்கமில் ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் நாங்கள் இரண்டு பேர். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், பல்லுக்கு எப்போது வரவேண்டும் என்று ஞாபகப்படுத்துவதும் எங்கள் வேலை. சிநேகிதி இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரி. அந்த மாதக் கடைசியில் ஓய்வுபெற்று, குயின்ஸ்லாந்தில் இருக்கும் தங்கையோடு போய் இருப்பதாக முடிவுசெய்திருந்தாள். போகுமுன் அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அவளுடைய பூட்டன், அதாவது தாயின் பாட்டன், ஜேர்மனியிலிருந்து கப்பலில் சிட்னிக்கு வந்து முதலில் குடியிருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதில் ஒருமுறை நிற்க வேண்டும்.

அதற்காக ஒரு ஃபைல் வைத்திருந்தாள். கப்பலில் வந்தவர்களின் பட்டியல், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேவாலயப் பதிவு, பேக்கரி ஏப்ரன் கட்டிய ஒரு மீசைக்காரனின் படம், எல்லாவற்றுக்கும் நகலெடுத்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அடுக்கியிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை விரித்து வைத்துக்கொண்டு சாண்ட்விச் கடிப்பாள். எனக்கு வயிறு எரியும். ஜேர்மனியில் காலடி வைக்காதவள், ஒரு சொல் ஜேர்மன் தெரியாதவள், "நாங்கள் ஜேர்மன்காரர்" என்று வாய் நிறையச் சொல்லுவாள். ஏழு வருடம் அங்கே இருந்து, பள்ளிக்கூடம் போய், அந்தப் பாஷையில் கனவும் கண்டவள் நான். என்னிடம் இருந்ததெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்தி நீட்டித் தந்த ஒரு தங்கும் அனுமதிக் கடதாசி. அதையும் வெளிக்கிடும்போது திருப்பி வாங்கிவிட்டார்கள்.

இதையாவது தாங்கியிருப்பேன். தாங்க முடியாமல் போனது மகளால்.

இருபது வயது. நகரத் திட்டமிடல் படிக்கிறாள். வியாழக்கிழமைகளில் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் வழியில் என்னை ஏற்றிக்கொண்டு போவாள். என்னுடைய ஜேர்மன் வருடங்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசனம்: அம்மா கலியாணத்துக்கு முதல் ஜேர்மனியில் இருந்தவா. அதைச் சிநேகிதர்களுக்குச் சொல்லுவாள், முற்றுப்புள்ளியோடு. அதற்குப் பிறகு ஒரு கேள்வி இருபது வருடத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. நானாகத் தொடங்கினாலும், "ஐ நோ, அம்மா" என்று போனைப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு வியாழக்கிழமை வந்து, மேசையில் விரிந்து கிடந்த ஃபைலைக் கண்டாள். தோளிலிருந்த பையைக் கீழே போட்டாள். என்னுடைய கதிரையைத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கைப்பையை மாட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்றேன்.

"இதில் எந்தக் கப்பல்? எத்தனை பிள்ளைகள்? முதல் உலகப்போர் நேரத்தில் ஏன் பெயரை மாற்றினார்கள்?" என்று அவள் இங்கிலீஷில் அடுக்கிக்கொண்டே போனாள். ஜேர்மன்காரர் என்றால் சந்தேகமாகப் பார்த்த காலம், பெயரை மாற்றி, வீட்டில் பாஷையையும் விட்டுவிட்டார்கள் என்று சிநேகிதி சொன்னாள். மகள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். அந்தப் பார்வையை நான் பெற்று வளர்த்த இருபது வருடத்தில் ஒருநாளும் என் பக்கம் கண்டதில்லை.

அப்போதுதான் சிநேகிதி ஒரு பழைய கொப்பியை வெளியே எடுத்தாள். அவளுடைய தாய் எழுதி வைத்தது. சிறுவயதில் வீட்டில் கேட்ட கதைகளைக் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: தாத்தா குடும்பம் முதலில் சிட்னியின் சரி ஹில்ஸ் பகுதியில் ஹின்டர்ஹோப் இடத்தில் இருந்தது, மூத்த பிள்ளைகள் இரண்டும் ஹின்டர்ஹோப்பில் பிறந்தார்கள். இந்த மிஸ்டர் ஹின்டர்ஹோப்பை இரண்டு வருடமாகத் தேடுகிறேன் என்றாள் சிநேகிதி. பழைய விலாசப் புத்தகங்களில் இல்லை, வரிப் பட்டியலில் இல்லை, தேவாலயத்தில் இல்லை. கப்பலால் இறங்கிய ஏழைக் குடும்பத்துக்கு வீட்டில் இடம் கொடுத்த நல்ல மனிதர், அவரை மட்டும் காணவில்லை.

"நீ அங்கே இருந்தவள்தானே. இப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்று கொப்பியை என் பக்கம் திருப்பினாள்.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்க முடியாது, அவர் என்னுடைய ஆள்.

ஹின்டர்ஹோஃப் என்றால் ஜேர்மனில் பின்வளவு. தெருவைப் பார்த்த பெரிய கட்டடத்துக்குப் பின்னால், உள்முற்றத்தோடு இன்னொரு கட்டடம் இருக்கும். வெயில் விழாது. வாடகை குறைவு. ஜேர்மனியின் டோட்முண்ட் நகரில் நானும் அண்ணனும் அகதி விடுதியிலிருந்து வெளியே வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது அப்படி ஒரு பின்வளவில் இரண்டு அறை. எனக்கு அப்போது பதினாறு வயது. கடிதம் முன்கட்டடத்துக்குப் போய்த் தொலைந்துவிடும் என்று அண்ணன் விலாசத்தில் தெருவுக்கும் இலக்கத்துக்கும் மேலே ஹின்டர்ஹோஃப் என்று எழுதி அப்பாவுக்கு அனுப்பினான். அப்பாவிடமிருந்து பதில் வந்தது. உறையில் எங்கள் பெயருக்குக் கீழே வடிவான இங்கிலீஷ் எழுத்தில்: கேர் ஒஃப் மிஸ்டர் ஹின்டர்ஹோஃப்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். கடிதத்தின் கடைசியில் அப்பா கேட்டிருந்தார்: திரு. ஹின்டர்ஹோஃப் சுகமா? அந்நிய தேசத்தில் என் பிள்ளைகளுக்கு இடம் தந்தவருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

திருத்தியிருக்கலாம். பின்வளவு என்று ஒரே சொல் எழுதியிருந்தால் அப்பாவுக்கு விளங்கியிருக்கும். அதுதான் சிக்கல், விளங்கியிருக்கும். எங்கள் ஊரில் அடுத்தவன் வளவுக்குப் பின்னால் யாரைக் குடிவைப்பார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே நான் எழுதினேன்: அவர் நல்ல சுகம். உங்களை விசாரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அவருக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டியிருந்தது. ஒருமுறை தடிமன் வந்து மாறியது. ஒருமுறை நத்தார்ப் பண்டிகைக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். யாரோ ஒருவர் கையில் அப்பா பனங்கட்டி கொடுத்தனுப்பினார், அவருக்கென்று தனியாகச் சுற்றி, மேலே பெயர் எழுதி. அவருடைய பங்கையும் நானும் அண்ணனுமே சாப்பிட்டோம். மிகவும் பிடித்துக்கொண்டது என்று எழுதினேன்.

அந்த மனிதரை இப்போது சிநேகிதி என் மேசையில், தன் ஃபைலுக்குள்ளே வைத்திருந்தாள். கப்பல் அவளுடையது, தேவாலயப் பதிவு அவளுடையது, மீசைக்காரன் அவளுடையவன். என் மகளையும் பக்கத்தில் இருத்திவிட்டாள். கடைசியில் இவரையுமா?

ஆனாலும் சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து மகள் கொப்பிக்கு மேலே குனிந்தாள். இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. இரண்டு பேரும் சிரித்தார்கள். "நாங்கள் கண்டுபிடிப்போம்" என்றாள் மகள். நாங்கள் என்பதில் நான் இல்லை.

"இல்லை. அப்படி ஒரு பெயரை ஜேர்மனியில் நான் கேள்விப்பட்டதேயில்லை" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்படித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை இருவரும் நகரத்து நூலகத்துக்குப் போனார்கள். அடுத்த சனிக்கிழமை சரி ஹில்ஸில் தெருத் தெருவாக நடந்தார்கள். ஞானஸ்நானப் பதிவில் ஒரு தெருவும் இலக்கமும் இருந்தது. ஆனால் அந்த இலக்கத்தில் இருந்த பேக்கரி வேறொரு குடும்பத்துடையது என்று விலாசப் புத்தகம் சொன்னதால், பதிவில்தான் பிழை என்று முடிவுகட்டி அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். மகள் வீட்டுக்கு வந்து குசினியில் நின்று இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். அவளுடைய அப்பாவுக்கும் சொன்னாள். மிஸ்டர் ஹின்டர்ஹோப் பெரிய கட்டட முதலாளியாக இருந்திருக்கலாம் என்றாள். பிள்ளைகள் இல்லாதவராக இருந்திருக்கலாம், அதனால்தான் அந்தக் குழந்தைகளில் அவ்வளவு பாசம். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவருக்கு ஒரு தடியும் தொப்பியும் கூடக் கொடுத்துவிட்டார்கள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். அந்த வார்த்தையைக் கையில் வைத்திருப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை நானும் போனேன். லிட்கமுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெரிய மயானத்தில், பழைய ஜேர்மன்காரர்களைப் புதைத்த பகுதியில் கல்லுக் கல்லாகப் பார்ப்பது என்று திட்டம். வீட்டில் இருந்து புகைவதைவிடப் போய்ப் பார்க்கலாம் என்று வெளிக்கிட்டேன். சாப்பாட்டுக்கு முட்டை ரோல்ஸ் செய்து ஒரு பையில் போட்டுக்கொண்டேன்.

பிறக்காத ஒரு மனிதனின் கல்லறையை இரண்டு பேர் தேடுவதைப் பார்ப்பது விசித்திரமான காட்சி. மகள் தூரிகையால் பாசியைத் தட்டி எழுத்துக்கூட்டினாள். சிநேகிதிக்கு முழங்காலில் நோவு, மாதக் கடைசிக்குப் பிறகு சத்திரசிகிச்சை. இருந்தாலும் கல்லுக்குக் கல் குனிந்து நிமிர்ந்தாள். நிமிரும் ஒவ்வொரு முறையும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் நீடிக்கவில்லை. மகள் ஓடிப்போய் அவளுடைய கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். எனக்கும் முழங்கால் இருக்கிறது.

ஒரு மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம்.

"அம்மா, அந்தத் தூட்டையைத் தாங்கோ" என்றாள் மகள்.

நான் பையை நீட்டினேன். சிநேகிதி நிமிர்ந்து பார்த்தாள். "இப்போது என்ன சொன்னாய்? தூட்டா? என் அம்மா பேக்கரிக் கடதாசிப் பையை அப்படித்தான் சொல்லுவா."

மகள் சிரித்தாள். அது தமிழ்ச் சொல் என்று சொன்னாள். மூட்டை மாதிரித் தூட்டை.

சிநேகிதி ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுச் சொல், வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை என்றாள். எப்படி இரண்டு வீட்டிலும் ஒரே சொல் இருக்கும் என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. மகளுக்கு எட்டு வயதில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் 'அம்மா கடையிலிருந்து தூட்டையில் பழம் கொண்டுவந்தார்' என்று எழுதினாள். ஆசிரியை சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டா. பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். நான் நேரே போய், "எங்கட பக்கம் அப்பிடித்தான் சொல்லுறது, அன்ரி" என்று வாதாடினேன். எந்தப் பக்கம் என்று ஆசிரியை கேட்கவில்லை, மரியாதைக்கு விட்டுவிட்டா. அது ஜேர்மனில் பைக்குச் சொல்லும் சொல். டோட்முண்டுத் தமிழர் எல்லாரும் தூட்டை என்றுதான் சொல்லுவோம். என் நாக்கில் ஒட்டிக்கொண்டு சிட்னி வரை வந்துவிட்டது. வாதாடிவிட்டுப் படியிறங்கும்போதுதான் எனக்கே அது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்ச் சொல்ல மானம் விடவில்லை.

"அது ஜேர்மன்" என்றேன்.

மகள் ரோல்ஸை வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கினாள். "அப்ப ரீச்சர் வெட்டினது சரியோ?"

"ஓம்."

"வேற என்ன எல்லாம் நான் தமிழ் எண்டு நினைச்சுக் கதைக்கிறன்?"

கேள்வி. இருபது வருடமாக நான் காத்திருந்த முதல் கேள்வி. ஆனால் என் மகள் கெட்டிக்காரி, அந்த இடத்தில் நிற்கவில்லை. சிநேகிதியின் தாய் காதில் கேட்டபடி எழுதிய சொல் ஒன்று, பெயராக இல்லாமல் வெறும் சொல்லாக இருக்கலாம் என்று அவளுக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. முகம் மாறியது.

"அம்மா. ஹின்டர்ஹோப் எண்டா என்ன?"

மரத்தைப் பார்த்தேன். சொன்னேன்.

"முதலே தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"கொப்பியைக் காட்டின அண்டையில இருந்து."

மகள் இங்கிலீஷில் சிநேகிதிக்கு எடுத்துச் சொன்னாள். அது ஆள் இல்லை, வீட்டுப் பின்வளவு. பதிவில் இருக்கும் இலக்கம் சரி. அந்தப் பேக்கரிக்குப் பின்னால்தான் அவர்கள் இருந்திருக்கிறார்கள். சிநேகிதி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவள் கொப்பியைத் திறந்து அந்த வரியை இன்னொரு முறை வாசித்தாள். மூடினாள்.

"அப்படியென்றால் அவர்களுக்கு இடம் கொடுத்தவர் என்று ஒருவரும் இல்லை" என்றாள்.

அவ்வளவுதான். முட்டை ரோல்ஸ் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

எங்கள் வீதிக்குக் காரைத் திருப்பும்போது மகள், "மூண்டு சனிக்கிழமை, அம்மா. அவவின்ர முழங்காலைப் பாத்தனீங்கள்தானே?" என்றாள். ஏன் செய்தேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உன்னால்தான் என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் சாப்பாடு, சாவி, குப்பை வாளி என்பதற்கு மேலே என்னோடு ஒரு கதை இல்லை. முன்னேயும் அதிகம் இருந்ததில்லைதான், ஆனால் இது வேறு மாதிரியான அமைதி.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் சரி ஹில்ஸுக்குப் போனோம். என்னை வரச் சொன்னது சிநேகிதி. பேக்கரி இப்போது ஒரு கோப்பிக் கடை. பக்கத்துச் சந்தால் சுற்றிப் பின்பக்கம் போனோம். கதவு திறந்துதான் கிடந்தது. பால் கூடைகள், நான்கைந்து குப்பைத் தொட்டிகள், ஒரு சைக்கிள். செங்கல் மதிலில் யன்னல் இருந்த இடம் ஒன்றைக் கல்லு வைத்து அடைத்திருந்தார்கள், விளிம்பு மட்டும் தெரிந்தது. சிநேகிதி நடுவில் போய் நின்றாள். கைத்தடியை மதிலில் சாத்திவைத்துவிட்டு, அடைத்த யன்னலின் விளிம்பை உள்ளங்கையால் தொட்டாள். பிறகு அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள்.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அவள் தொடுவதற்கு ஒரு மதில் இருந்தது. டோட்முண்டில் எங்கள் பின்வளவை இடித்து, வாகனம் நிறுத்தக் கல்லுப் போட்டுவிட்டதாக அண்ணன் எப்போதோ சொல்லியிருந்தான்.

மகள் கதவடியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"உங்கட வீட்டில யன்னல் எந்தப் பக்கம்?"

"குப்பைத் தொட்டிப் பக்கம்."

"எத்தினை தொட்டி?"

"ஆறு. வெள்ளிக்கிழமையில எடுப்பினம்."

போனைத் திறந்து எழுதத் தொடங்கினாள். தெரு என்ன என்று கேட்டாள். சொன்னேன். இலக்கம் கேட்டாள். அதையும் சொல்லி, "மேல ஹின்டர்ஹோஃப் எண்டும் போடவேணும், இல்லாட்டிக் கடிதம் வராது" என்றேன். அதோடு அப்பாவின் கடித உறையும் வந்துவிட்டது. கேர் ஒஃப் மிஸ்டர், தடிமன், நத்தார்ச் சாப்பாடு, பனங்கட்டி எல்லாம் சொன்னேன். பனங்கட்டியில் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

சிரிக்கவில்லை. "அம்மப்பா கடைசி வரைக்கும் அப்பிடித்தானோ நினைச்சவர்?"

"ஓம். கடைசிக் கடிதத்திலயும் சுகம் கேட்டவர்."

"நீங்கள் சொல்லவே இல்லை."

"இல்லை."

அப்போது மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஃபைலைப் பார்த்த அதே பார்வை. எந்தக் கப்பல், ஏன் பெயரை மாற்றினார்கள், என்ன மறைத்தார்கள் என்று கண்ணை எடுக்காமல் பார்க்கும் பார்வை. இதற்குத்தான் மூன்று கிழமை வயிறு எரிந்தேன். கிடைத்த பிறகு அதற்கு முன்னால் நிற்பது அவ்வளவு சுகமாக இல்லை. கைப்பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

அவள் குனிந்து மறுபடி எழுதினாள். அம்மா, டோட்முண்ட், ஏழு வருடம், ஹின்டர்ஹோஃப் என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவது எனக்குத் தெரிந்தது.

"பிள்ளை" என்றேன். "அது ஒரு ஆளில்லை எண்டும் சேர்த்து எழுது."